குரக்கன் மோல்ட் சரிவராதபோது: அறிகுறியைப் பார்த்துத் திருத்துங்கள்

ஜெர்மனியில் வளரும் எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தால் கேட்கும் பானங்களில் ஒன்று மால்ட்ஸ்பியர். கறுப்பாக, இனிப்பாக, பாணின் கருகிய ஓரம் போல மணக்கும். பெயரில் பியர் இருந்தாலும் பிள்ளைகள் குடிக்கும் பானம்தான். அதன் அடிப்படை மோல்ட், அதாவது முளைக்கவிட்டுக் காயவைத்த தானியம். செய்முறையைத் தேடி எடுத்தால் பில்ஸ்னர் மோல்ட், மியூனிக் மோல்ட், கரமல் மோல்ட், வறுத்த மோல்ட் என்று நான்கைந்து பெயர்கள் வரும். அவற்றைத் தேடி யாழ்ப்பாண நகரக் கடைகளில் அலைய வேண்டாம். திருநெல்வேலிச் சந்தையில் குரக்கன் இருக்கிறது, பலசரக்குக் கடையில் பார்லி இருக்கிறது, பனங்கட்டி இருக்கிறது, நெல் ஆலையில் உமி இருக்கிறது, முற்றத்தில் வெயில் இருக்கிறது. இவை போதும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயருக்கு மாற்றுத் தேடினால் தோற்றுப்போவீர்கள். செய்முறையில் அந்த மோல்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, அந்த வேலைக்கு மாற்றுத் தேட வேண்டும். பில்ஸ்னர் மோல்டின் வேலை நொதியம் கொடுப்பது. அந்த நொதியம்தான் மாப்பொருளைச் சீனியாக உடைக்கிறது. மியூனிக் மோல்ட் பாண் வாசத்துக்கு. கரமல் மோல்ட் இனிப்புக்கும் வாயில் நிற்கும் தடிப்புக்கும். வறுத்த மோல்ட் நிறத்துக்கும் இலேசான கசப்புக்கும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஒரு வேலைக்கு உரியதை இன்னொரு வேலைக்குப் போட்டதால் வருகிறவை.

இன்னொன்று. இங்கே சொல்வது புளிக்க வைக்காமல், கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கும் பானம். இலங்கையில் உரிமம் இல்லாமல் வீட்டில் மதுபானம் செய்வது மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். வீட்டுப் பியர் செய்யச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருக்கும் உறவினர்களுக்கும் இந்த மாற்றுகள் உதவும். அவர்களுக்கு வித்தியாசப்படும் இடம் ஒன்று உண்டு, அதைப் பனங்கட்டி வரும் இடத்தில் சொல்கிறேன்.

தானியம் முளைக்கவே இல்லை

பார்லியை ஊறப்போட்டு இரண்டு நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நீங்கள் செய்ததில் பிழை இல்லை. கடையில் பக்கற்றில் வருவது தீட்டிய பார்லி. உமியும் தோலும் முளைக்கருவும் தீட்டும்போதே போய்விடும். அது கஞ்சிக்கு உதவும், வறுத்து நிறத்துக்கு உதவும், முளைக்காது. முழுப் பார்லி எங்கிருந்தாவது கிடைத்தாலும் எங்கள் காலநிலை அதற்கு ஒத்துவராது. பார்லி 12 முதல் 18 பாகை செல்சியஸில் நிதானமாக முளைக்க விரும்பும் தானியம். 30 பாகையில் முளைக்கு முன்னால் பூஞ்சணம் வந்து நிற்கும்.

குரக்கன் அப்படியல்ல. 25 முதல் 30 பாகை அதற்குப் பிடித்த சூடு. சிறுதானியங்களுக்குள் மாப்பொருளை உடைக்கும் நொதியம் குரக்கன் முளையில் நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் அடிப்படை மோல்டுக்கு நான் குரக்கனைச் சொல்கிறேன்.

குரக்கனும் முளைக்கவில்லை என்றால் விதை பழசு, அல்லது வெயிலில் மிகையாகக் காய்ந்தது. ஒரு கிலோவை ஊறப்போட முன்னர் 100 மணியை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு நாளில் 85 மணியாவது முளை காட்டாவிட்டால் அந்தக் குரக்கனை மாவுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். முளைக்காத மணி சும்மா கிடக்காது. ஈரத்தில் அழுகி மற்றதையும் கெடுக்கும்.

ஊறும்போதே புளித்த மணம்

எங்கள் வெயிலில் ஒரே தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டால் இது வரும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இடையில் ஒரு மணி நேரம் தண்ணீரை முழுதாக வடித்துவிட்டுக் காற்றுப் படவிடுவது இன்னும் நல்லது, தானியத்துக்கு மூச்சு வேண்டும். இலேசான புளிப்பு மணம் மட்டும் என்றால் இரண்டு மூன்று தரம் கழுவித் தொடரலாம். கை வைத்தால் வழுவழுப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள்.

அரிக்கன் சட்டியில் அரித்துக் கல்லை நீக்குவதையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள். பிறகு முளையோடு அரிக்க முடியாது.

முளையோடு பூஞ்சணம்

வெள்ளையாக மெல்லிய வேர் நார்கள் தெரிவதைப் பூஞ்சணம் என்று பயந்து சிலர் எறிந்துவிடுகிறார்கள். வேர் என்றால் ஒவ்வொரு மணியிலிருந்தும் தனித்தனியாகப் புறப்படும், மணமும் பச்சைப் புல் மணம்தான். பூஞ்சணம் பல மணிகளைச் சேர்த்துக் கட்டிப் படலமாக இருக்கும். பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் நிறங்கள் காட்டும், பூட்டிய அறையின் மணம் அடிக்கும்.

பூஞ்சணம் என்று தெரிந்தால் கழுவி மீட்கப் பார்க்க வேண்டாம். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கொதியிலும் போகாது. கோழிக்கும் போட வேண்டாம். முழுவதையும் எறிந்துவிட்டுத் துணியையும் கடகத்தையும் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் தடிப்பாகப் பரப்பியதுதான். முளைக்கும் தானியம் தானாகவே சூடாகும். விரல் தடிப்புக்கு மேல் பரப்பாதீர்கள், காலையும் மாலையும் கையால் கிளறிவிடுங்கள், காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். மாரியில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில், இந்த வேலையைத் தொடங்காமல் விடுவது புத்தி. முளைக்கலாம், காயவைக்க முடியாது.

கூழாக இறுகுகிறது, இனிப்பு இல்லை

அதிகம் பேர் கைவிடும் இடம் இது. முளை நன்றாக வந்தது, காய்ந்தது, அரைத்தது, வெந்நீரில் கலந்து ஒரு மணி நேரம் வைத்தது. கடைசியில் கிடைப்பது குரக்கன் கூழ். பார்லிக்கு எழுதிய செய்முறையை அப்படியே குரக்கனுக்குப் பிடித்தால் இதுதான் நடக்கும்.

நொதியம் மாப்பொருளை உடைக்க வேண்டுமானால் மாப்பொருள் முதலில் வெந்து இளக வேண்டும். பார்லியின் மாப்பொருள் 60 முதல் 65 பாகைக்குள் இளகிவிடும். நொதியமும் அந்தச் சூட்டில் உயிரோடு வேலை செய்யும். இரண்டும் ஒரே சூட்டில் நடப்பதால் பார்லிக்காரருக்குக் கவலை இல்லை. குரக்கன் மாப்பொருள் முழுதாக இளக அதைவிடக் கூடிய சூடு வேண்டும். அவ்வளவு சூடாக்கினால் நொதியம் செத்துவிடும். ஆகவே இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

ஒரு கிலோ குரக்கன் மோல்டை ரவைப் பதத்தில் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் கொதிநீரோடு இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 50 பாகைக்கு அருகில் வரும். அதில் மோல்டைக் கலந்து முக்கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மா அடியில் படியும். மேலே கலங்கலாக நிற்கும் தண்ணீரில்தான் நொதியம் கரைந்திருக்கிறது. அதை அகப்பையால் மெதுவாக அள்ளுங்கள். ஒன்றேகால் லீற்றர் கிடைத்தால் போதும். அதை மூடி ஒரு பக்கம் வையுங்கள், அடுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

சட்டியில் எஞ்சிய தடித்த பகுதிக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றி, கொதி வந்த பின் கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். அடிப்பிடித்தால் அந்த மணம் கடைசிவரை போகாது. இப்போது அது சரியான கூழாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இறக்கி 75 பாகைக்கு ஆறவிட்டு, ஒதுக்கி வைத்த நொதியத் தண்ணீருக்குள் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். சூடான கூழின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொட்டினால் முதலில் படுகிற நொதியம் அந்தச் சூட்டில் போய்விடும். எல்லாம் சேர்ந்ததும் 65 பாகைக்கு அருகில் நிற்கும். மூடி, பழைய சாக்கால் சுற்றி ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அரை மணிக்குள்ளேயே கூழ் இளகித் தண்ணீராவதைக் காண்பீர்கள். அதைப் பார்க்கிற ஒருவர் திரும்பவும் பழைய முறைக்குப் போக மாட்டார்.

முடிந்ததா என்று நாக்கை நம்பாமல் அயடீனை நம்புங்கள். பாடசாலை விஞ்ஞானத்தில் மாப்பொருளுக்குச் செய்த அதே சோதனைதான். வெள்ளைக் கோப்பைத் தட்டில் ஒரு சொட்டுத் தெளிந்த நீர் விட்டு, மேலே ஒரு சொட்டு அயடீன். நீலக் கறுப்பாக மாறினால் இன்னும் மாப்பொருள் இருக்கிறது, இன்னும் அரை மணி வையுங்கள். அயடீனின் சொந்த மஞ்சள் கபிலமே நின்றால் முடிந்தது. அந்தச் சொட்டை எறிந்துவிடுங்கள். நிறத்துக்கு வறுத்த கறுப்புப் பார்லியைப் (அதைக் கீழே சொல்கிறேன்) போட முன்னரே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், நிறம் சேர்ந்த பிறகு ஒன்றும் தெரியாது.

இவ்வளவும் செய்து இன்னும் நீலமாகவே நின்றால் பிழை காயவைத்த விதத்தில் இருக்கிறது. அடிப்படை மோல்டைத் தாச்சியில் வறுக்கக் கூடாது, சூடான அடுப்புக்கு மேலும் வைக்கக் கூடாது. வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, கடித்தால் நொறுங்கும்வரை காயவிட வேண்டும். மணத்துக்காக வறுத்த மோல்டில் நொதியம் இருக்காது. இரண்டு வேலையையும் ஒரே தானியத்திடம் கேட்கிறபோது இப்படித்தான் ஆகும். அல்லது முளை போதாமல் எடுத்திருக்கலாம். முளை காட்டிய பின் இரண்டு மூன்று நாளாவது வளரவிடுங்கள். பயறு முளையைக் கூடச் சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதில் இந்த வேலைக்குப் போதிய நொதியம் இல்லை, பச்சைப் பயற்று வாசம்தான் மிஞ்சும்.

வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இந்த முழு வேலையிலும் காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி அது ஒன்றுதான்.

வடிகட்ட முடியவில்லை

பார்லிக்கு உமி உண்டு, அதுவே வடியாக நிற்கும். குரக்கனுக்கு அது இல்லை. நெல் உமியை நன்றாகக் கழுவி, ஒருமுறை கொதிக்கவைத்து வடித்து, இரண்டு கை நிறைய கலவைக்குள் சேர்த்துத் துணியில் விடுங்கள். உமிக்கு ருசி இல்லை, வழி மட்டும் விடும். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், மா முழுக்க வந்துவிடும். பிறகு ஒன்றரை லீற்றர் சூடான தண்ணீரை மேலே மெதுவாக விட்டு மிச்ச இனிப்பையும் எடுங்கள். மாவைப் பொடியாக அரைத்தவருக்கு உமியும் உதவாது. ஆலையில் கொடுக்கும்போதே ரவைப் பதம் என்று சொல்லிவிடுங்கள்.

துவர்க்கிறது, நாக்கு வறள்கிறது

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது வேர். காய்ந்த மோல்டை உள்ளங்கையால் தேய்த்துச் சுளகில் புடைத்து வேர்நாரைப் போக்காவிட்டால் கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து வரும். இரண்டாவது குரக்கனின் தோல். கடுஞ்சிவப்புக் குரக்கனில் துவர்ப்பு அதிகம். தெரிந்து வாங்க முடிந்தால் வெளிர் நிறத்தை எடுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கு உரியது: தண்ணீர். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். இந்தத் தண்ணீரின் காரத்தன்மை இரண்டு கெடுதி செய்கிறது: நொதியத்தின் வேலையைத் தளர்த்துகிறது, தோலிலிருந்து துவர்ப்பை இழுக்கிறது. தண்ணீரை முதல் நாளே கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் தண்ணீரை எடுங்கள். மா கலக்கும்போது அரைத் தேசிக்காயின் சாறும் விடுங்கள். அமிலத் தாள் (pH தாள்) வைத்திருப்பவர்கள் pH 5.2 முதல் 5.6 வரை வருகிறதா என்று பார்க்கலாம். சேமித்த நல்ல மழைத் தண்ணீர் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம்.

தோட்டக் காணிகளுக்கு நடுவே இருக்கும் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கூடுதலாக இருக்கலாம். கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அப்படிக் கிணறு உள்ளவர்கள் குடிக்க எந்தத் தண்ணீரைப் பாவிக்கிறார்களோ அதையே இதற்கும் பாவியுங்கள். கைக்குழந்தைகளுக்கு இந்தப் பானம் வேண்டாம்.

நிறம் வந்தது, ஆனால் கருகல் கசப்பு

வறுத்த மோல்டுக்கு மாற்று அந்தத் தீட்டிய பார்லிதான். இங்கே முளை தேவையில்லை, நொதியம் தேவையில்லை, கறுக்க வேண்டும், அவ்வளவுதான். தடித்த தாச்சியில் மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறி, கோப்பிக் கொட்டையின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளும் அதே நிறமாக இருக்க வேண்டும். வெளியே கரி, உள்ளே வெள்ளை என்றால் நெருப்புக் கூடிவிட்டது. அந்தக் கசப்பை எந்தப் பனங்கட்டியாலும் மறைக்க முடியாது.

வறுத்த அன்றே போடுவதும் ஒரு காரணம். புதிதாக வறுத்ததில் தொண்டையைக் கரகரக்கச் செய்யும் மணம் இருக்கும். தாள் பையில் ஒரு கிழமை விட்டால் அடங்கிவிடும். பிறகும் கடுமையாக இருந்தால் கலவையோடு சேர்த்து வேகவிடாமல், 50 கிராம் பார்லியை உடைத்துப் பச்சைத் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்த கறுப்புத் தண்ணீரைக் கடைசிக் கொதியில் ஊற்றுங்கள். நிறம் வரும், கசப்பு குறைவாகவே வரும். எனக்கு இந்த முறைதான் பிடித்தது. ஐந்து லீற்றருக்கு 50 கிராமுக்கு மேல் தேவைப்படாது.

இனிப்பும் நிறமும் உண்டு, ஆனால் வெறுமையாக இருக்கிறது

மியூனிக்கும் கரமலும் செய்யும் வேலை நடக்கவில்லை. இந்த இடத்தில் பலர் பனங்கட்டியைக் கூட்டுவார்கள். பனங்கட்டி நல்லதுதான், ஐந்து லீற்றருக்கு 150 கிராம் போட்டால் பானத்துக்கு எங்கள் ஊரின் முகம் வரும். ஆனால் தானிய மணத்தை அது தராது. புளிக்க வைக்காத பானத்தில் அதன் இனிப்பு அப்படியே நிற்கும். வெளிநாட்டில் பியருக்குப் போடுபவர்களுக்கு நான் முன்னர் சொன்ன வித்தியாசம் இங்கேதான்: பனங்கட்டியின் சீனியில் பெரும்பகுதியை மதுவம் (ஈஸ்ட்) தின்றுவிடும். இனிப்பும் போய், பியரும் மெலிந்துவிடும். கரமல் மோல்டில் மதுவம் தொடாத சீனிகள் உண்டு. அந்த வேலைக்குப் பனங்கட்டி மாற்று அல்ல.

கரமல் மோல்டை வீட்டிலேயே செய்யலாம். முளைத்த குரக்கனில் ஒரு பங்கைக் காயவைக்காமல் ஈரத்தோடு எடுத்து, இறுக மூடும் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் போட்டு, 65 முதல் 70 பாகையில் நிற்கும் வெந்நீர்ச் சட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் இறக்கி வையுங்கள். மணிக்குள்ளேயே மாப்பொருளில் ஒரு பகுதி சீனியாகும். கடித்துப் பார்த்தால் இனிக்கும். அதைத் தட்டில் பரப்பி அவனில் (oven) 150 பாகையில், செங்கபிலம் வரும்வரை அவ்வப்போது கிளறி எடுங்கள். அவன் இல்லாதவர்கள் தாச்சியில் சிறு நெருப்பில் செய்யலாம், பொறுமை மட்டும் கூட வேண்டும்.

பாண் வாசத்துக்கு வேலை குறைவு. காய்ந்த மோல்டில் தண்ணீர் தெளித்து ஒரு மணி நேரம் மூடி வைத்து, 120 பாகையில் வீடு முழுக்க மணக்கும்வரை வாட்டினால் போதும். இந்த இரண்டும் சேர்ந்து மொத்த மோல்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நொதியம் போதாமல் திரும்பவும் கூழுக்குத்தான் போவீர்கள்.

இன்னும் ஏதோ குறைகிறது என்றால் அது கசப்பாக இருக்கலாம். ஜெர்மனியில் ஹொப்ஸ் கொஞ்சம் போடுவார்கள். கடைசிக் கொதியில் காய்ந்த வேப்பம்பூ ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், கூடிவிட்டால் பானம் மருந்தாகிவிடும்.

போத்தலைத் திறந்ததும் சீறுகிறது

குடிக்காதீர்கள், மற்றப் போத்தல்களையும் மெதுவாகத் திறந்து கொட்டிவிடுங்கள். காற்றில் இருக்கும் மதுவம் வேலையைத் தொடங்கிவிட்டது. மூடிய கண்ணாடிப் போத்தல் வெடிக்கவும் கூடும். இந்தப் பானத்தில் புளிப்புக் குறைவு, சீனி கூட. ஆகவே அறையில் மூடி வைப்பது எந்த வகையிலும் பாதுகாப்பல்ல. சீறாமல் தெளிவாக இருந்தாலும் அறையில் கிடந்ததைக் குடிக்கக் கூடாது. வடித்ததைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, கொதிநீரில் கழுவிய போத்தலில் விட்டு, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். நுரை வேண்டுமென்றால் பரிமாறும்போது பாதிக்குப் பாதி வெறும் சோடா சேருங்கள். அதற்காகவே பானத்தைச் சற்றுத் தடிப்பாக வற்றவிட்டு எடுப்பது நல்லது.

குரக்கன் கிடைக்கவில்லை, இறுங்கு போடலாமா

போடலாம், ஆனால் கவனம் வேறு. இறுங்கின் முளையிலும் வேரிலும் சயனைட்டை விடக்கூடிய ஒரு பொருள் உண்டாகிறது. மணிக்குள் அது மிகக் குறைவு. ஆகவே காய்ந்த பின் முளை, வேர் இரண்டையும் தேய்த்து, புடைத்து, ஒன்றும் மிஞ்சாமல் நீக்க வேண்டும். ஈர முளையை அப்படியே அரைத்துப் போடும் குறுக்கு வழி இறுங்குக்கு இல்லை. ஈரத்தோடு செய்கிற கரமல் மோல்டையும் இறுங்கில் செய்ய வேண்டாம். புடைத்து எடுத்த முளையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் புதையுங்கள். மற்றபடி இரண்டாகப் பிரித்து வேகவைக்கும் முறை இதற்கும் அப்படியே பொருந்தும்.